கீரனூர் பதிவில் முப்பத்தொரு சத்தங்கள்

1

இந்தக் கதை ஒரு கடிதத்திலிருந்து வந்தது. தபாலில் சேர்த்திருக்கக் கூடாத கடிதம். சேர்த்தது நான்தான். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் மீதியைச் சொல்வது சுலபம் என்று நினைத்தேன். ஒப்புக்கொண்டாயிற்று, சுலபமாகவில்லை.

நான் கதை எழுதுகிறவன் இல்லை, கடிதம் எழுதுகிறவன். கடிதத்தில் வலது மூலையில் ஊரும் தேதியும், அதற்குக் கீழே பொருள், அதற்குக் கீழே பார்வை என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் உண்டு. எங்கள் பள்ளியில் தமிழாசிரியர் ஸ்கேல் வைத்து அளந்து சொல்லிக்கொடுத்தது. கதையில் எது எங்கே வரும் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அதனால் எண் போட்டுக்கொண்டு போகிறேன். முன்பு எழுதிக் கைவிட்ட தொடக்கங்களையும் மறைக்காமல் தருகிறேன்.

“கீரனூரில் அன்று மாலை மழை தூறிக்கொண்டிருந்த வேளையில்…” [மழை தூறவில்லை. பிப்ரவரி மாதம். அடித்துவிட்டேன்.]

“பியானோ என்னும் இசைக்கருவியில் எண்பத்தெட்டுக் கட்டைகள்…” [இது கட்டுரைப் போட்டிக்கு.]

“பிராங்க்ளின் ஒரு மேதை.” [இதைப் படித்தால் பிராங்க்ளின் என்னோடு மறுபடி பேச்சை நிறுத்திக்கொள்வார். ஒரு தடவை நிறுத்தியது போதும்.]

2

பிராங்க்ளினுக்கு நாற்பத்து மூன்று வயது. ஊர் கீரனூர். திருச்சியில் ஒரு தனியார் பள்ளியில் இசை ஆசிரியர், தினமும் காலை ஏழு பத்து பஸ். ஞாயிற்றுக்கிழமைகளில் தன் பங்குக் கோயிலில் பூசைக்குக் கீபோர்டு வாசிப்பார். நான் புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்கு உள்ளே வந்தது, எத்தனை மணிக்கு வெளியே போனது என்று எழுதுகிற வேலை.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், என் கூண்டுக்குள் சின்ன ரேடியோவில் ஒரு வெளிநாட்டு நிலையம் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ பியானோ வாசித்தார். ஜன்னலுக்கு வெளியே ஒருவர் வந்து நின்றார். அந்த நேரத்தில் வருகிறவர்கள் கேட்பது கீரனூர் வண்டியைத்தானே என்று, அவர் வாய் திறப்பதற்கு முன்பே “கீரனூரா? ரெண்டு இருபது” என்றேன். அவர் ரெண்டு இருபதை விட்டார். அடுத்த ரெண்டு நாற்பதையும் விட்டார். நிகழ்ச்சி முடிந்ததும், “இது எந்த ஸ்டேஷன்ணே?” என்று கேட்டார். அன்றைக்குத் தொடங்கிய பழக்கம்.

அந்த வாசிப்புக்கு ஜாஸ் என்று பெயர். எனக்குப் புரிந்த வகையில் சொல்கிறேன். ஒரு மெட்டை எல்லோரும் சேர்ந்து ஒருமுறை வாசிப்பார்கள். பிறகு ஒவ்வொருவராக அதை எடுத்துக்கொண்டு தன் மனம் போன வழியில் ஓட்டிக்கொண்டு போவார்கள். எங்கே நிற்கும், எந்த ஊர் வழி போகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. கடைசியில் எல்லோரும் பழைய மெட்டுக்கே வந்து சேர்வார்கள். டிப்போவிலிருந்து கிளம்பி டிப்போவுக்கே திரும்புகிற மாதிரி. [இந்த உவமையைப் பிராங்க்ளின் ஏற்கவில்லை. வேறு தரவும் இல்லை. இருக்கட்டும்.]

அவருடைய குழுவில் அவரோடு சேர்த்து நான்கு பேர். டிரம்ஸ் வாசிக்கும் செம்மல், மெல்லிசைக் கச்சேரிகளில் பெயர் எடுத்தவர். சாக்ஸபோன் வாசிக்கும் பொற்கொடிக்கு வல்லத்திராக்கோட்டை. அவளுடைய அப்பா பேண்டு செட் நடத்துகிறார். மாப்பிள்ளை அழைப்பில் காருக்கு முன்னால் நடந்துகொண்டே வாசித்துப் பழகியதால் இன்றைக்கும் அவளுக்கு உட்கார்ந்து வாசிக்க வராது. பேஸ் கிட்டார் அரவிந்த்குமார். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன். பதிவு செய்கிற பொறுப்பும் அவனுடையதே.

[செம்மல் இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு, தனக்கு ஒரே ஒரு வரிதானா என்று கேட்டார். கதைக்கு அவர் தேவையா என்றே நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்பதைச் சொல்லவில்லை. ஆறாம் பகுதியில் ஒரு சிரிப்புக்கு அவர் வேண்டும் என்பதால் விட்டுவைத்தேன்.]

3

பதிவு நடந்தது கீரனூரில், திருச்சி ரோட்டை ஒட்டிய ஒரு கல்யாண மண்டபத்தில். ஞாயிறு மாலை ஐந்து மணி. மறுநாள் அங்கே முகூர்த்தம் இருந்ததால் சமையல்கட்டில் அப்போதே வேலை தொடங்கிவிட்டது. பியானோவைக் குட்டி யானை வண்டியில் ஏற்றி, ஆறு பேர் பிடித்து, மணமேடைமேல் வைத்திருந்தார்கள்.

நல்ல ஸ்டூடியோ திருச்சியிலேயே இருக்கிறதே என்று நான் முன்பு ஒருமுறை கேட்டதற்கு, எதிரே ஆள் இருந்தால்தான் தனக்குக் கை வரும் என்று பிராங்க்ளின் சொல்லியிருந்தார். அதனால்தான் நேரடிப் பதிவு. வந்தவர்கள் அறுபத்து மூன்று பேர். என்னையும் என் மனைவி பிரகதாம்பாளையும் ஏழெட்டு மாணவர்களையும் கழித்தால் மற்றவர்களெல்லாம் அவர் பங்கைச் சேர்ந்தவர்கள். ஜாஸ் என்றால் என்ன என்று அவர்களுக்குத் தெரியாது. நம்ம பிராங்க்ளின் வாசிக்கிறார், அவ்வளவுதான்.

ஏழு உருப்படிகள், எல்லாம் அவரே அமைத்தவை. முதலாவது “ஏழு பத்து”. அவர் பிடிக்கிற பஸ். ஓடிப்போய் ஏறுகிற வேகம் அதில் இருக்கும். நான்காவது “நார்த்தாமலை தாண்டி”. புதுக்கோட்டையிலிருந்து கீரனூர் போகிற வழியில் பாறைகள் வலப்பக்கம் மெல்ல நகர்ந்து… [வலமா இடமா என்பது ஒருபுறம் இருக்கட்டும், பாறை நகராது. அடித்துவிட்டேன்.] மிக மெதுவான உருப்படி. ஒன்பது நிமிஷம் இருபது விநாடி. அதில் ஓர் இடத்தில் மற்ற மூவரும் நிறுத்திக்கொள்ள, பியானோ மட்டும் தனியாகப் போகும். அப்போது நான் கையில் பேனாவைப் பிடித்தபடி எழுதாமல் இருந்தேன். எனக்கு அது வழக்கமில்லை.

கடைசியில் ஒரு கூத்து நடந்தது. ஏழாவது உருப்படி நல்ல வேகத்தில் போய் முடிகிற நேரம். முடிவில் பிராங்க்ளின் தன்னை மறந்து, கோயிலில் பூசை முடிவில் வாசிக்கிற அந்த இரண்டு அழுத்துகளை அழுத்திவிட்டார். ஆ…மென் என்று விரல்களை மொத்தமாக வைத்து வாசிப்பது. அவர்கள் பங்கில் அந்த ஒலி கேட்டால் இறுதி ஆசீருக்கு எழுந்து நிற்க வேண்டும். இருபது வருஷமாக அவர் வாசித்து அவர்கள் எழுந்து பழகிவிட்டார்கள். ஐம்பது பேரும் சொல்லிவைத்தாற்போல எழுந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகள் தரையில் கிறீச்சிட்டன. சிலர் தலை குனிந்தார்கள். ஒரு பெரியவர் சிலுவையே போட்டுவிட்டார். எல்லோரும் எழுகிறார்களே என்று நானும் பிரகதாம்பாளும் எழுந்தோம். எதற்கு என்று தெரியாமலே.

இவ்வளவும் பதிவாகியிருக்கிறது.

4

மூன்று வாரம் கழித்துப் பிராங்க்ளின் முழுப் பதிவையும் எனக்கு போனில் அனுப்பி, வெளியிடுவதற்கு முன் என் அபிப்பிராயம் வேண்டும் என்று கேட்டார். ‘அண்ணே, நீங்க கேக்குற மாதிரி யாரும் கேக்க மாட்டாங்க’ என்று ஒரு வரியும் சேர்த்திருந்தார். காதில் மாட்டிக்கொண்டு நான்கு தடவை கேட்டேன். பிறகு நான்கு பக்கம் கடிதம் எழுதினேன்.

இங்கே எங்கள் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். சிற்றலை வானொலி கேட்கிறவர்கள் தொலைதூர நிலையங்களுக்குக் கடிதம் எழுதுவோம். உங்கள் நிகழ்ச்சி அருமை என்று எழுதினால் மதிக்க மாட்டார்கள். கேட்காதவனும் அப்படி எழுதலாம் அல்லவா. இத்தனையாவது நிமிஷத்தில் பக்கத்து நிலையம் குறுக்கிட்டது, இத்தனையாவது விநாடியில் கரகரப்பு வந்தது என்று எழுதினால்தான் இவன் நிஜமாகவே கேட்டவன் என்று நம்பி, கேட்டதற்கு அத்தாட்சியாக ஒரு வண்ண அட்டை அனுப்புவார்கள். என்னிடம் இருநூற்றுப் பதினான்கு அட்டைகள் இருக்கின்றன. எங்கள் ஆட்களிடையே குறைகளைக் குறித்துக்கொடுப்பதுதான் மரியாதை.

அந்த மரியாதையை நான் பிராங்க்ளினுக்குச் செய்தேன். மொத்தம் முப்பத்தொரு சத்தங்கள். சிலவற்றை மட்டும் தருகிறேன். எண்ணுக்கு அடுத்து இருப்பது பதிவின் நிமிஷமும் விநாடியும்.

3. 04:12 – பஸ் ஹாரன். திருச்சி நோக்கிப் போகும் வண்டி. ஐந்து மணிக்குப் பிறகு புதுக்கோட்டையில் கிளம்பியதாக இருக்க முடியாது.

8. 11:50 – சமையல்கட்டில் அண்டா மூடி விழுதல். அதைத் தொடர்ந்து திட்டு. சொற்கள் தெளிவில்லை.

14. 21:07 – வளையல். என் மனைவி.

30. 51:58 – நாற்காலிகள், சுமார் ஐம்பது. காரணம் தாங்கள் அறிந்ததே.

இதை எழுதும்போது பின்னால் நின்று படித்த பிரகதாம்பாள், “கச்சேரிக்குப் போனா பாட்டக் கேக்கணும். பக்கத்துல எவன் இருமுனான்னு கணக்கெடுக்கவா போறது?” என்றாள். நான் 14-ஆம் எண்ணைக் கையால் மறைத்துக்கொண்டேன்.

கடைசியில் வழக்கம்போல ஐந்து எண்கள். நிலையத்தின் பலம், குறுக்கீடு, இரைச்சல், ஏற்ற இறக்கம், ஒட்டுமொத்தம். ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு மார்க். ஐந்து என்றால் தொந்தரவே இல்லை, ஒன்று என்றால் கேட்கவே முடியாது. முதல் நான்கில் எது மிகக் குறைவோ அதைவிட ஒட்டுமொத்தம் கூடக் கூடாது என்பது விதி. இரைச்சலில் இரண்டு வாங்கிய நிகழ்ச்சி மொத்தத்தில் ஐந்து வாங்க முடியாது. நான் போட்டது: 5, 2, 2, 4, 5. நாற்பது வருஷத்தில் விதியை மீறிப் போட்ட முதல் ஐந்து.

ஸ்டாம்பு ஒட்டித் தபாலில் சேர்த்தேன்.

5

மேலே நான்காம் பகுதியில் ஒன்றை மறைத்துவிட்டேன். அந்தப் பகுதியை மூன்று முறை திருத்தி எழுதியும், மூன்று முறையும் அதை மட்டும் தாண்டித் தாண்டியே போனேன். ஒருவேளை எல்லாக் கதைக்காரர்களும் இப்படித்தானோ என்னவோ. தன்னை நல்லவனாகக் காட்ட ஒரு வரியைத் தூக்கிவிட்டால் போதும், கதை எவ்வளவு அழகாக நடக்கிறது. ஆனால் அந்த வரி இல்லாவிட்டால் பின்னால் நடந்தது எதற்கும் காரணம் இருக்காது. ஆகவே:

17. 26:31 – முனகல். ஆண் குரல். பியானோ தனியாக வரும் இடம். சுருதி விலகியுள்ளது.

18. 27:02 – மேற்படி.

19. 27:40 – மேற்படி, சற்று உரக்க.

இப்படி ஒன்பது இடங்கள். எல்லாவற்றுக்கும் கீழே, சிவப்பு மையில், என் ஆலோசனை:

“ரசிகர்களில் யாரோ ஒருவர் தங்கள் வாசிப்போடு சேர்ந்து சுருதி இல்லாமல் முனகுகிறார். முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார் என ஊகிக்கிறேன். அடுத்த முறை அவரைக் கண்டுபிடித்துப் பின்வரிசையில் உட்கார வைக்கலாம்.”

கடிதம் போய்ச் சேர்ந்த நான்காம் நாள், நான் டியூட்டியில் இருந்தபோது சந்தனமேரி போன் செய்தார். பிராங்க்ளினின் மனைவி. கீரனூரில் ஒரு நர்சரிப் பள்ளியில் டீச்சர். அதட்டாமலே குழந்தைகளை உட்கார வைக்கிற குரல் அவருக்கு.

“அண்ணே, வேலையா இருக்கீங்களா?”

“இல்லம்மா, சொல்லு.”

“லெட்டர் வந்துச்சு.”

“படிச்சாரா? நல்லாத்தானே எழுதியிருந்தேன்.”

“நல்லாத்தாண்ணே எழுதியிருந்தீங்க. நாலு நாளா பியானோ மூடியே கெடக்கு. அரவிந்த் தம்பிய கூப்புட்டு அந்தப் பதிவு மொத்தத்தையும் அழிச்சிரச் சொல்லிட்டாரு.”

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பஸ் ஹாரனுக்காகவா, அண்டா மூடிக்காகவா என்று கேட்டேன். அந்த நேரத்தில் மதுரை வண்டி ஒன்று உள்ளே வந்தது. மணியைக் குறிக்க மறந்துவிட்டேன்.

“அண்ணே, முனகுறவரப் பின்னாடி ஒக்கார வைக்கச் சொல்லியிருந்தீங்கள்ல. அவர எப்படிண்ணே பின்னாடி ஒக்கார வைக்கிறது? அவருதானே பியானோ வாசிக்கிறாரு.”

பிறகு மேரி சொன்னதைச் சுருக்கிச் சொல்கிறேன். பிராங்க்ளினுக்குப் பதினொரு வயதில் பள்ளிப் பாடகர் குழுவில் சேர ஆசை. ஒரு கிறிஸ்துமஸ் ஒத்திகையில் குழு முழுவதையும் நிறுத்தி, ஒவ்வொரு பையனாகப் பாடவைத்து, சுருதியைக் கெடுப்பது இவன்தான் என்று மாஸ்டர் கண்டுபிடித்தார். வெளியே அனுப்பவில்லை. “நீ வாய மூடிக்கிட்டு ஆர்மோனியத்தப் பிடி” என்று உட்கார வைத்தார். அப்படித்தான் அவர் வாசிக்க வந்தார். அதன்பின் ஒருநாளும் பாடவில்லை, கோயிலில்கூட. தான் வாசிக்கும்போது முனகுவது அவருக்கே தெரியாது. மேரிக்குத் தெரியும். கல்யாணமான முதல் வாரத்திலிருந்து தெரியும். சொன்னால் நின்றுவிடும் என்று பதினாறு வருஷமாகச் சொல்லாமல் இருந்திருக்கிறார்.

நான் சிவப்பு மையில் சொல்லிவிட்டேன்.

“சனிக்கிழம எல்லாரையும் வீட்டுக்கு வரச் சொல்லியிருக்காரு. ஆள் யாரும் இல்லாம, வாய மூடிக்கிட்டு, திரும்பவும் வாசிச்சுப் பதியப் போறாராம். நீங்க வாங்கண்ணே. என்ன பேசுவீங்களோ தெரியாது. வாங்க.”

6

சனிக்கிழமை காலை கீரனூர் பஸ்ஸில் உட்கார்ந்து மன்னிப்பைத் தயாரித்தேன். தம்பி, நான் அறியாமல்… [அறியாமல்தான் என்றால் மன்னிப்பு எதற்கு.] தம்பி, உலகத்தில் பெரிய பெரிய பியானோக்காரர்களெல்லாம் முனகுகிறவர்கள்தான், ரேடியோவில் நானே… [அப்படியானால் இவருடையதைக் கேட்டதும் ஏன் தெரியவில்லை என்று கேட்பார்.] நார்த்தாமலை தாண்டியது. ஒரு வாக்கியமும் முழுதாகவில்லை.

வீட்டு முன்னறையில் பியானோ, டிரம்ஸ், ஒயர்கள். கதவு ஜன்னல் எல்லாம் சாத்தி இடுக்கில் துணி செருகியிருந்தது. மின்விசிறியை நிறுத்தியிருந்தார்கள். செம்மல் பனியனோடு வியர்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், “டைம் கீப்பர் சார், இங்கிட்டு வந்து ஒக்காருங்க. மூச்சு விட்டா எழுதிக்குவீங்கன்னு நாங்களே விடாம இருக்கோம்” என்றார். யாரும் சிரிக்கவில்லை.

பிராங்க்ளின் எழுந்து, “வாங்கண்ணே” என்றார். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. அதுதான் என்னை வாட்டியது. கோபமாக இருந்திருந்தால் என் மன்னிப்பில் ஏதாவது ஒரு பாதியையாவது சொல்லியிருப்பேன். ஒரு நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டு, பாக்கெட்டிலிருந்து கைக்குட்டையை எடுத்தார். நான்காக மடித்தார். பல்லுக்கு நடுவில் வைத்துக் கடித்துக்கொண்டார்.

“நார்த்தாமலை தாண்டி” வாசித்தார்கள்.

இந்த இடத்தை நான் விவரித்தாக வேண்டும். எனக்கு இசை மொழி தெரியாது, தெரிந்ததைச் சொல்கிறேன். ஒரு தப்புகூட இல்லை. எல்லாம் சரியான இடத்தில் வந்தது. மூவரும் நிறுத்திக்கொண்டு பியானோ மட்டும் தனியாகப் போகிற இடமும் வந்தது. அவர் போகவில்லை. வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போகிறவர் மாதிரித் திரும்பிவிட்டார். பொற்கொடி எதிர்பாராமல் சாக்ஸபோனை அவசரமாக வாயில் வைத்ததைப் பார்த்தேன். என் கண் தானாகக் கடிகாரத்தைப் பார்த்தது. மண்டபத்தில் ஒன்பது நிமிஷம் இருபது விநாடி ஓடியது, இங்கே ஐந்து நிமிஷம் ஐந்து விநாடியில் முடிந்துவிட்டது.

பிராங்க்ளின் கைக்குட்டையை எடுத்தார். அதில் பல் பதிந்திருந்தது.

“இப்ப சொல்லுங்கண்ணே. எத்தன சத்தம்?”

பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். அருமை என்று ஒரு சொல். அதோடு எல்லாம் முடியும். பதிவு அழிந்தது அழிந்ததுதான், இவராவது என்னோடு பேசுவார். கதவருகில் மேரி நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தில் எனக்கு உதவியாக எதுவும் இல்லை.

பேச வராது என்பதால், சட்டைப் பையிலிருந்த, வண்டி நேரம் குறிக்கிற ட்ரிப் ஷீட்டின் பின்பக்கத்தில் எழுதி நீட்டினேன்.

5, 5, 5, 5, 1.

அவர் வெகுநேரம் பார்த்தார். “எல்லாம் அஞ்சு போட்டுட்டுக் கடைசியில ஒண்ணா? போன தடவ ரெண்டு ரெண்டா போட்டுக் கடைசியில அஞ்சு போட்டிருந்தீங்க. அது கை தவறிப் போட்டதுன்னு நெனச்சேன்.”

“கை தவறல தம்பி.”

“அப்புறம்?”

“இன்னைக்கு ஒரு சத்தமும் இல்ல. அன்னைக்கு நீங்க நார்த்தாமலை தாண்டிப் போனீங்க. இன்னைக்கு பஸ் ஸ்டாண்டுலயே நிக்கிறீங்க. இன்ஜின் ஓடுது. வண்டி எடுக்கல.”

செம்மல்தான் முதலில் சிரித்தார். டிரம் குச்சியால் முகத்தை மறைத்துக்கொண்டு சிரித்தார். குச்சி எதை மறைக்கும்? பொற்கொடி திரும்பிக்கொண்டாள், தோள் குலுங்கியது. பிராங்க்ளின் சிரிக்கவில்லை. பியானோ மூடியை ஒரு கையால் தடவிக்கொண்டே கேட்டார்.

“அந்த முனகல் நாந்தான்னு தெரியாம எழுதுனீங்க. தெரிஞ்சிருந்தா என்ன எழுதியிருப்பீங்க?”

“அப்பவும் எழுதியிருப்பேன். சுருதி இல்லதானே. ஆனா பின்னாடி ஒக்கார வைக்கச் சொல்லியிருக்க மாட்டேன்.”

மேரி கதவருகிலிருந்து சொன்னார்: “நீங்க அதோட போறப்பத்தாங்க கை தூரமாப் போகுது. பதினாறு வருஷமா அடுப்படியிலேருந்து கேக்குறேன். எனக்குத் தெரியாதா?”

“நீ ஏன் சொல்லல?”

“சொன்னா இந்தக் கைக்குட்டையத்தான் எடுப்பீங்க.”

பிராங்க்ளின் கைக்குட்டையை மடியில் வைத்து நீவினார். பிறகு தாழ்ந்த குரலில், யாரிடமும் இல்லாமல், “அழிச்சாச்சே” என்றார்.

7

இங்கே முடிவு வர வேண்டும். நான் எழுதி வைத்திருப்பது மூன்று.

முதலாவது. பதிவு அழிந்துபோயிற்று. அந்த மாலையும் அறுபத்து மூன்று பேரும் நாற்காலிச் சத்தமும் போயின. என்னுடைய நான்கு பக்கக் கார்பன் நகல் மட்டும் மிச்சம். இல்லாத ஓர் இசைக்கு முப்பத்தொரு சத்தங்களின் பட்டியல். எழுதி முடித்ததும் பொற்கொடியிடம் காட்டினேன். “சோகமா முடிச்சாத்தான் கதையா சார்? நான் அன்னைக்கு ‘ஏழு பத்து’ல வாசிச்சது வாழ்க்கையில ஒரு தடவ வரும். அத நீங்க உங்க கதைக்காக அழிப்பீங்களா?” என்று கேட்டாள். வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

இரண்டாவது. என் போனில் இருந்த நகலை நான் எடுத்து நீட்டுகிறேன், எல்லோரும் என்னைக் கட்டிக்கொள்கிறார்கள். [போனுக்கு வந்தது சுருக்கிய பதிவு, வெளியிட ஆகாது. அதோடு, கெடுத்தவனே காப்பாற்றினான் என்று எழுத எனக்கே கூச்சமாக இருக்கிறது.]

மூன்றாவது நடந்தது. அதில் கதைத்தன்மை இல்லை. பிராங்க்ளின் “அழிச்சாச்சே” என்றதும், அதுவரை மூலையில் ஒயர் சுற்றிக்கொண்டிருந்த அரவிந்த்குமார் தலையைத் தூக்கினான்.

“எப்பண்ணே அழிச்சேன்?”

“டேய், அழிச்சிருன்னு சொன்னேன். நீ சரின்னு சொன்ன.”

“சரின்னுதாண்ணே சொன்னேன்.”

“அப்ப?”

“சரின்னு சொன்னா செஞ்சுட்டேன்னு அர்த்தமா? நீங்க கோவமா இருந்தீங்க. எதுத்துப் பேசக் கூடாதுல்ல, அதான் சரின்னேன்.”

பிராங்க்ளின் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்திருக்கிறேன். இப்படிப் பார்த்ததில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, பியானோ மூடிமேல் நெற்றியை வைத்து, சத்தம் வராமல் சிரித்தார். செம்மல் போய்க் கதவைத் திறந்தார். மேரி மின்விசிறியைப் போட்டார். வெளியே திருச்சி ரோட்டில் ஏதோ ஒரு வண்டி நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டு போனது. எல்லோரும் ஒரே சமயத்தில் என்னைப் பார்த்தார்கள்.

நான் குறித்துக்கொள்ளவில்லை. மணி பதினொன்று நாற்பத்தாறு.

8

பதிவு அடுத்த மாதம் வெளிவருகிறது. இணையத்திலும் வரும், நூறு இசைத்தட்டுகளும் போடுகிறார்கள். தட்டின் உறைக்குள் வைக்கிற காகிதத்தில் இசையைப் பற்றி யாராவது அறிஞர் எழுதுவது வழக்கமாம். பிராங்க்ளின், அங்கே என் பட்டியலை அச்சடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். முப்பத்தொன்றும். எண், நிமிஷம், விநாடியோடு.

சிவப்பு மையில் எழுதியதை மட்டும் எடுத்துவிடலாம் என்று கெஞ்சிப் பார்த்தேன். அது இருந்தால்தான் போடுவேன் என்றார். முனகல் வருகிற ஒன்பது இடங்களிலும் ‘ஆண் குரல்’ என்றும் ‘மேற்படி’ என்றும் இருந்ததை அடித்துத் தன் பெயரை அவரே எழுதினார். ‘சுருதி விலகியுள்ளது’ என்பதைத் தொடவில்லை. வாசித்தவர்கள் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே இப்போது இப்படி இருக்கிறது: பிராங்க்ளின் – பியானோ, முனகல்.

பிரகதாம்பாளுக்கு 14-ஆம் எண்ணில் தன் வளையல் அச்சில் வருவது தெரிந்துவிட்டது. ‘என் மனைவி’ என்றால் யாருக்குத் தெரியும், பெயரைப் போடச் சொல்லுங்கள் என்கிறாள்.

பட்டியலை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் கடைசியாக ஒருமுறை சரிபார்த்தேன். முப்பது எண்களுக்கு எதிரே யார் அல்லது எது என்று எழுதியாயிற்று. முப்பத்தொன்றுக்கு மட்டும் இல்லை. நாற்காலிகளெல்லாம் அடங்கி, எல்லோரும் எழுந்து நிற்க, அரவிந்த் பொத்தானை அமுக்குவதற்கு முன் ஒரே ஒரு விநாடி. அதில் ஒரு பெருமூச்சு. பாரத்தை இறக்கி வைத்ததும் வருமே, அந்த மாதிரி. மைக்குக்கு மிகப் பக்கத்தில்.

பிராங்க்ளினிடம் கேட்டேன். தன்னுடையதுதான், ஒருவழியாக முடிந்ததே என்று விட்டிருப்பேன் என்றார். செம்மல், அது தன்னுடையது, ஒரு வரி கொடுத்த பாவத்துக்கு இதையாவது தன் பெயரில் எழுதச் சொன்னார். பொற்கொடி, சாக்ஸபோனை இறக்கினால் தனக்கு அப்படித்தான் மூச்சு வரும் என்றாள். மேரி முன்வரிசையில் இருந்தவர். “நானாத்தாண்ணே இருக்கும்” என்றார். நான்கு தடவை திரும்பக் கேட்டேன். எனக்கென்னவோ, எதற்கு என்று தெரியாமல் எழுந்து நின்ற ஒருவனுடைய மூச்சு மாதிரியும் படுகிறது.

கேட்டதை மட்டும் எழுதுவது என் வழக்கம். கேட்காததை எழுதிப் பழக்கமில்லை. அச்சகத்தில் அந்த வரியைக் காலியாகவே விடச் சொல்லியிருக்கிறேன். இங்கேயும் அப்படியே விடுகிறேன். உங்கள் கையில் பேனா இருக்கும்.

31. 52:10 – பெருமூச்சு. விட்டவர்: ……………………